கேடயம் மேலே போகும், மெமோ கீழே வரும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். பதிவு பக்கமே எட்டிப் பாக்க முடியல. இன்னிக்கும் மொக்கையா ஏதாவது போட்டு ஒப்பேத்திடலாம்னுதான் உக்காந்தேன். அதுக்குள்ள ஒரு போட்டோ வந்து எல்லாத்தையும் கெடுத்துடுச்சு.

ஊர்ல எங்க சொந்தக்காரர் ஒருத்தர் வாட்ஸப்ல அனுப்பின போட்டோ. ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு தேசிய தரச் சான்று கிடைச்சிருக்கு. மேடை, சால்வை, பூங்கொத்து. மொத்தம் பதினாலு பேர் நிக்கிறாங்க. கீழ செய்தியில முக்கியப் பிரமுகர், ஆட்சியர், சுகாதாரத் துறை மேலதிகாரிகள்னு வரிசையா ஆறு பேரோட பேரு, பதவியோட. கடைசியில "மற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள் உடனிருந்தனர்". அவ்வளவுதான்.

அம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு போட்டோவை ரெண்டு விரலால பெருசாக்கிப் பாத்தாங்க. அந்த ஆறு பேர்ல யாரையும் பாக்கல. வலது ஓரத்துல பாதி முகம் மட்டும் தெரியுற ஒரு அக்காவைத் தொட்டு, "டேய், இவ என்கூட ட்ரெய்னிங் படிச்சவடா. அந்த பிரசவ வார்டையே இவதான் தூக்கி நிறுத்தினா. பேரு போட்டிருக்கானான்னு பாரு"ன்னாங்க.

போடல.

என்னடா இவன், பொட்டி தட்டுற பய திடீர்னு சுகாதாரத் துறையைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு நினைக்காதீங்க மக்களே. எங்கம்மா முப்பத்தோரு வருஷம் கிராம சுகாதார செவிலியர். ஊர் பாஷையில நர்ஸம்மா. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்குத் தடுப்பூசி ஐஸ் பாக்ஸ் வந்துடுச்சு. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள், புதன்கிழமை தடுப்பூசி நாள். எனக்கு ஸ்கூல் டைம்டேபிள் மறந்தாலும் இது மறக்காது. அதனால இந்த விஷயத்துல கருத்து சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு நானே எடுத்துக்கிட்டேன் :)

சாதனையே இல்லன்னு சொல்ல வரல. சாதனைதான். சாதாரண சாதனையும் இல்ல. 1939-லயே பொது சுகாதாரத்துக்குன்னு தனிச் சட்டம் கொண்டு வந்த மாகாணம் இது. மாநிலம் முழுக்க மருந்து வாங்கி அனுப்ப 1994-லயே தனிக் கழகம் ஆரம்பிச்ச மாநிலம். இந்தியப் பதிவாளர் அலுவலகத்தோட மாதிரிப் பதிவு கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்க. 2004-06-ல தமிழ்நாட்டுல ஒரு லட்சம் உயிரோட பிறந்த குழந்தைகளுக்கு 111 தாய்மார்கள் இறந்தாங்க. 2018-20-ல அது 54. அதே காலத்துல நாடு முழுக்கப் பாத்தா 254-ல இருந்து 97. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். இதெல்லாம் யாரும் மைக்கைப் புடிச்சு அடிச்சு விட்ட நம்பர் இல்ல.

என் கேள்வி வேற. 111 எப்படி 54 ஆச்சு? மேடையில கேடயம் வாங்கினதாலயா?

ஒரு பொண்ணு நாள் தள்ளிப் போயிருக்குன்னு மாமியார்கிட்ட சொல்றதுக்கு முன்னாடியே நர்ஸம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். ரத்தம் எவ்வளவு இருக்கு, பிரஷர் எவ்வளவு, முதல் பிரசவம் சிசேரியனா, இரும்புச்சத்து மாத்திரையை முழுங்குறாளா இல்ல கொல்லையில வீசுறாளா, எல்லாம் ஒரு நோட்டுல இருக்கும். துணை சுகாதார நிலையத்துக்கு சமவெளியில 5000 பேரு, மலையில 3000 பேருன்னு கணக்கு. அந்த 5000 பேர்ல யாரு வயித்துல புள்ள இருக்குன்னு ஒரு மனுஷிக்கு மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்சதாலதான் 54.

அடுத்தது 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம். நம்ம ஊர்ல இதுக்கு அடிப்படைக் கணக்கு மூணு செவிலியர், மூணு ஷிப்ட். கேக்க நல்லாத்தான் இருக்கு. நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை கணக்குதானே, போட்டுப் பாப்போம். வாரத்துக்கு 168 மணி நேரம். மூணால வகுத்தா ஆளுக்கு 56 மணி. அதுவும் மூணு பேரும் நோய் நொடி இல்லாம, புள்ள குட்டிக்குக் காய்ச்சல் வராம, சொந்தத்துல யாரும் சாகாம இருந்தா. ஒருத்தர் பிரசவ லீவுல போயிட்டா மிச்ச ரெண்டு பேருக்கு 84 மணி. அடுத்தவங்க பிரசவத்தைப் பாக்குறவங்களுக்குத் தானே பிரசவத்துக்குப் போறது குற்ற உணர்ச்சியா இருக்குங்க. அம்மா சிநேகிதி ஒருத்தங்க சொல்லி நானே கேட்டிருக்கேன். நம்ம கம்பெனியில வாரத்துக்கு 50 மணி நேரம் வேலைன்னா "ஒர்க் லைஃப் பேலன்ஸ்"னு பக்கம் பக்கமா பதிவு போடுறோம்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வர்றேன். ஊரு பேரு, ஆபீஸ் பேரெல்லாம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

ஒரு வருஷம் ஜனவரி 26-க்கு அம்மாவுக்கு நற்சான்றிதழ் கொடுத்தாங்க. காலையில ஆறரைக்கே மைதானத்துல இருக்கணும்னு உத்தரவு. புடவையை அயர்ன் பண்ணி, பக்கத்து வீட்டு அண்ணன் பைக்ல போயி, கொடியேத்தி அணிவகுப்பு முடிஞ்சு, பேரு கூப்பிடறப்போ பதினொன்றரை. சான்றிதழைப் பாத்தா இனிஷியல் தப்பு. அப்பா பேரோட இனிஷியலும் இல்ல, தாத்தா பேரோட இனிஷியலும் இல்ல, யாரோ ஒரு மூணாவது மனுஷனோடது :) அம்மா சிரிச்சுட்டு, "பரவால்லடா, ஆளு நான்தானே"ன்னு ஃப்ரேம் போட்டு மாட்டினாங்க. இன்னமும் ஹால்ல தொங்குது.

அதுக்கு அடுத்த வருஷம். நான் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். அம்மா பகுதியில ஒரு பொண்ணு, முதல் பிரசவம், ரத்தம் கம்மி. வளைகாப்பு முடிச்சு பக்கத்து மாவட்டத்துல இருக்குற தாய்வீட்டுக்குப் போயிடுச்சு. நம்ம ஊர்ல முதல் பிரசவம்னா தாய்வீடுதான், இது எல்லாருக்கும் தெரியும். அம்மா போன்ல அந்தப் பொண்ணையும் கூப்பிட்டுப் பேசியிருக்காங்க, அந்த ஊரு நர்ஸையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. தேதியோட நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. ஆனா கம்ப்யூட்டர் பட்டியல்ல அந்தப் பொண்ணு இன்னமும் அம்மா கணக்குலதான் இருக்கு. கடைசி ரெண்டு மாசத்துக் கட்டம் காலி.

பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிக்காம அந்தப் பொண்ணு இறந்துடுச்சு. இருபத்தி ரெண்டு வயசு.

தாய் இறந்தா விசாரணை நடக்கும். நடக்கணும். தமிழ்நாட்டுல தாய் இறப்பு குறைஞ்சதுக்கு ஒவ்வொரு இறப்பையும் உக்காந்து அலசுற அந்தப் பழக்கமும் பெரிய காரணம். ஆனா அம்மாவுக்கு நடந்தது அலசல் இல்ல. "கட்டம் ஏன் காலி?" இது ஒண்ணுதான் கேள்வி. நோட்டைக் காட்டினா, "நோட்டு கணக்குல வராதும்மா". பதினஞ்சு நாள்ல 17பி மெமோ. அரசாங்க உத்தியோகத்துல இருக்கறவங்களைக் கேளுங்க, 17பி-ன்னா என்னன்னு சொல்லுவாங்க. அந்த விளக்கக் கடிதத்தை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து நான்தான் எழுதினேன், என் கையெழுத்து நல்லா இருக்கும்னு. அம்மா பக்கத்துல உக்காந்து தேதி தேதியா சொன்னாங்க. அழுதுகிட்டே சொன்னாங்க. மெமோவுக்காக இல்ல, அந்தப் பொண்ணுக்காக.

இதுல நான் கவனிச்ச ஒரு விஷயம் இருக்கு. அந்த மெமோவுல அம்மா பேரு, இனிஷியல், பதவி, துணை சுகாதார நிலையம் எல்லாம் அச்சு பிசகாம சரியா இருந்துச்சு. சான்றிதழ்ல தப்பாப் போன இனிஷியல் மெமோவுல தப்பாப் போகல.

பதினோரு மாசம் கழிச்சு "எச்சரிக்கையுடன் கைவிடப்படுகிறது"ன்னு ஒரு வரி வந்துச்சு. அந்தப் பதினோரு மாசத்துல வந்த பதவி உயர்வுப் பட்டியல்ல அம்மா பேரு இல்ல. குற்றச்சாட்டு நிலுவையில இருக்குல்ல. அந்தப் பொண்ணுக்கு ரத்தம் எத்தனை மணிக்குக் கிடைச்சுது, வண்டி எத்தனை மணிக்கு வந்துச்சு, யாரு இருந்தா, யாரு இல்ல, இதெல்லாம் அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல. சொல்லியிருந்தா அடுத்த பொண்ணுக்காவது உதவியிருக்கும்.

இதான் மக்களே நான் சொல்ல வர்றது. கேடயம் மேலே போகும், மெமோ கீழே வரும். சாதனைன்னா அது துறையோட சாதனை, மாவட்டத்தோட சாதனை, ஆட்சியோட சாதனை. தப்புன்னா அது கடைசிப் படியில நிக்கிற ஒரு பொம்பளையோட தப்பு. செய்தியில அவங்க "பணியாளர்கள்". மெமோவுலதான் அவங்களுக்குப் பேரே இருக்கு.

இதுல என் பொழப்புக்கும் ஒரு பங்கு இருக்குன்றது பின்னாடிதான் உறைச்சுது. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம், வேற ஒரு துறைக்கான ஒரு ஃபார்ம் நான் எழுதினேன். பன்னெண்டு கட்டம், பன்னெண்டும் கட்டாயம். "நிரப்பலன்னா சேவ் ஆகக்கூடாது"ன்னு ஸ்டைலா கோடு எழுதிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். அந்தக் கட்டத்தை வெயில்ல நின்னு, சிக்னல் இல்லாத ஊர்ல, ஒரு கையில ஐஸ் பாக்ஸோட நிரப்பப் போறது யாருன்னு யோசிக்கவே இல்ல. எங்கம்மா புள்ளையா இருந்தும் யோசிக்கல. டாஷ்போர்டுல பச்சை எரிஞ்சா சாதனை, சிவப்பு எரிஞ்சா மெமோ. இந்தப் பச்சை சிவப்பைக் கட்டிக் குடுக்கறது நம்ம பசங்கதான்.

அதே நம்ம தொழில்ல ஒரு நல்ல பழக்கமும் இருக்கு. ராத்திரி சர்வர் படுத்துடுச்சுன்னா மறுநாள் "பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்"னு ஒரு மீட்டிங். யாரு பண்ணாங்கன்னு கேக்க மாட்டோம், எது எப்படி உடைஞ்சுதுன்னு மட்டும்தான் கேப்போம். ஏன்னா ஆளைத் தேட ஆரம்பிச்சா அடுத்த தடவை எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். பெருமையா நம்ம கண்டுபிடிப்பு மாதிரி பேசிக்கறோம். ஆனா தாய் இறப்பு விசாரணைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2004-லயே வழிகாட்டி போட்டாச்சு. பேரும் வேண்டாம், பழியும் வேண்டாம், காரணத்தை மட்டும் தேடுன்னு. ஒரு வெப்சைட் படுத்தா பழி போடாத நாகரிகம் நமக்கு வந்துடுச்சு. ஒரு உயிர் போன இடத்துல மட்டும் ஏன் வர மாட்டேங்குது?

விருது இன்னொரு வேலையும் செய்யுது. சம்பளத்தை மறைக்குது. 2015-ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வச்சு ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்துச்சு. மாசம் 7,700 ரூபா தொகுப்பூதியம், ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு பேச்சு. ரெண்டு வருஷம் முடிஞ்சு 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல அவங்க தரையில உக்காந்து போராடினது பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அதே 7,700-ல்தான் அவங்க பிரசவ வார்டைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. 2020-ல கொரோனா வந்துச்சு. மார்ச் 22 சாயங்காலம் தட்டு தட்டினோம். மே மாசம் ஹெலிகாப்டர்ல பூ தூவினாங்க. அந்த நேரத்துல ஒப்பந்தத்துல எடுத்த செவிலியர்கள்ல இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு 2022 டிசம்பர் 31-ஓட ஒப்பந்தம் நீட்டிக்கப்படலை. 2023 புத்தாண்டை அவங்க ரோட்டுல போராட்டத்துல கொண்டாடினாங்க. மாற்று வேலை தர்றோம்னு அரசு அப்புறமா சொல்லிச்சு. முதல்ல பூ, அப்புறம் கடுதாசி, அதுக்கப்புறம்தான் சமாதானம்.

கட்சிக்காரங்க யாரும் குதிக்க வேண்டாம். 2017-ல ஒரு ஆட்சி, 2022-ல இன்னொரு ஆட்சி. நான் ரெண்டையும்தான் சொல்றேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. உண்மையிலேயே நல்ல திட்டம், எங்க தெருவுல பல பெருசுங்க அதாலதான் மாத்திரை போடுறாங்க. 2024-ல ஐக்கிய நாடுகள் சபை விருதும் கிடைச்சுது. சந்தோஷம். அந்த வாசலுக்கு நடந்து போற பொண்ணுக்கு என்ன பதவி? "மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்". அவங்க வாங்கறதுக்கு பேரு சம்பளம் இல்ல, ஊக்கத்தொகை. தன்னார்வலர்ங்கிற ஒரே வார்த்தையில சம்பளம், பி.எஃப்., லீவு எல்லாம் காணாமப் போகுது.

தமிழ்நாடு மட்டும்தானான்னா இல்ல. 2022 மே மாசம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவோட பத்து லட்சம் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது கொடுத்துச்சு. அந்தப் பத்து லட்சத்துல கேரளா ஆஷாக்களும் உண்டு. அவங்க 2025 பிப்ரவரியில திருவனந்தபுரம் தலைமைச் செயலகம் முன்னாடி உக்காந்தாங்க. மாசம் 7,000 ரூபா மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கன்னு. சுகாதாரத்துல நாட்டுக்கே முன்னோடின்னு நாம எல்லாரும் கையைக் காட்டுற மாநிலத்துல, உலக விருது வாங்கினவங்க நடைபாதையில!

இப்போ பின்னூட்டத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியும். நானே எழுதிடறேன், உங்களுக்கு டைப்பிங் மிச்சம்.

"ஆண் குழந்தைன்னா இவ்வளவு, பொண்ணுன்னா இவ்வளவுன்னு காசு புடுங்குறது உங்க ஆளுங்கதானே?" ஆமாங்க, நடக்குது. அசிங்கம்தான். வாங்குறவங்களைப் பேரு போட்டுப் புடிங்க, நானும் கை தட்டறேன். நான் கேக்கறது ஒண்ணுதான். வாங்குனவங்களைப் பேரு போட்டுப் புடிக்கறப்போ, வாங்காதவங்களையும் பேரு போட்டுப் பாராட்டணும்ல?

"அப்போ விருதே வேண்டாமா?" வேணும். 2015-ல காயகல்ப் விருது வந்தப்புறம் கக்கூஸ் கழுவாத ஆஸ்பத்திரி எல்லாம் கழுவ ஆரம்பிச்சுது. தரச் சான்றுக்காகத்தான் பல பிரசவ அறைக்குள்ள திரைச்சீலையே வந்துச்சு, அம்மாவே சொல்லுவாங்க. ஆனா காயகல்ப் சுத்தத்துக்கான விருது. கழுவினது யாரு? பல இடத்துல ஒப்பந்தத்துல வந்த தூய்மைப் பணியாளர். போட்டோவுல அந்த அம்மாவைப் பாத்திருக்கீங்களா? நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

"கஷ்டமா இருந்தா வேலையை விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" இது நம்ம ஐ.டி. பசங்க கமெண்ட்டு. நமக்கு நோட்டீஸ் பீரியட்ல அடுத்த ஆஃபர் வந்துடும் ராசா. புதன்கிழமை காலையில எண்பது குழந்தை வரிசையில நிக்கிறப்போ ஐஸ் பாக்ஸைக் கீழ வச்சுட்டுப் போறது, பேப்பர் போடற மாதிரி சுலபம் இல்ல.

பொலம்பிட்டு மட்டும் போகாம எனக்குத் தோணுறதையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விருது கிடைச்சாலும் அங்க வேலை பாக்குற எல்லார் பேரும் செய்தியில வரட்டும். மருத்துவ அலுவலர்ல ஆரம்பிச்சு தூய்மைப் பணியாளர் வரைக்கும். முப்பது பேரு இருப்பாங்களா? பத்து வரி. சால்வைச் செலவைவிடக் கம்மி.

ரெண்டு, கேடயத்துக்குக் கீழ ஒரு போர்டு வைங்க. அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, ஒப்பந்தம் எத்தனை. சாதனையை ஒரு நம்பரா சொல்லத் தெரிஞ்சவங்களுக்கு இதையும் நம்பரா சொல்லத் தெரியும்.

மூணு, இறப்பு விசாரணையில பழி தேடாதீங்க. கண்டுபிடிச்ச காரணத்தை அந்தக் கடைசி நர்ஸுக்கும் திருப்பிச் சொல்லுங்க.

நாலு, வருஷம் முழுக்க செய்யுற வேலைக்கு வருஷம் முழுக்க சம்பளம் குடுங்க. தன்னார்வலர், தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஊக்கத்தொகைன்னு தமிழை இந்த ஒரு விஷயத்துல மட்டும் இவ்வளவு வளர்க்க வேண்டாம்.

அம்மா மெமோ கைவிடப்பட்டதுக்கு அப்புறம் வந்த பட்டியல்ல பேரு வந்து, பகுதி சுகாதார செவிலியரா ரெண்டு வருஷம் இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றாங்க. வழியனுப்பு விழாவுல கொடுத்த ஷீல்டுல இனிஷியல் சரியா இருந்துச்சு, நான் முதல்ல அதைத்தான் பாத்தேன் :) அந்த போட்டோவுல ஓரத்துல நின்ன அக்காவுக்கு நேத்து ராத்திரி அம்மா போன் பண்ணினாங்க. அரை மணி நேரம் பேசினாங்க. விருதைப் பத்தி ரெண்டு நிமிஷம் இருக்கும். மிச்ச நேரம் பூரா யாரு லீவுல இருக்கா, யாரு ரெண்டு ஷிப்ட் பாக்குறா, எந்தப் பொண்ணுக்கு பிரஷர் ஏறுதுன்னுதான்.

பின்னூட்டத்துல சண்டை போடறவங்க தாராளமா போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை. உங்களுக்கோ உங்க குழந்தைக்கோ தடுப்பூசி போட்ட நர்ஸம்மா பேரு தெரியுமா? தெரிஞ்சா அதை எழுதிட்டு அப்புறம் திட்டுங்க. ஊரு வேண்டாம், பேரு மட்டும் போதும். தெரியலன்னா வீட்டுல அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, அவங்களுக்குக் கண்டிப்பா தெரிஞ்சிருக்கும்.

டிஸ்கி: இந்தப் பதிவை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "எல்லாம் சரிடா, அந்தப் பொண்ணு பேரை மட்டும் எங்கயும் எழுதிடாத. அவங்க வீட்டுல பாத்தா வருத்தப்படுவாங்க"ன்னாங்க. எழுதல.